அதிகைப் பதிகமும் ஆரூர்ப் பதிகமும்

வயிற்றுநோயால் வருந்துவோர் திருவதிகை வீரட்டானத் திருப்பதிகத்தையும், கண்ணொளி குன்றினோர் திருவாரூர்த் திருப்பதிகம் ஒன்றனையும் நியமமாக ஓதிவருதல் சைவ நன்மக்களிடை உள்ள வழக்கம். முன்னது திருநாவுக்கரசு சுவாமிகள் சூலைநோய் நீங்கும்பொருட்டு அருளிச்செய்தது, 4-ஆம் திருமுறையின் முதற்கண் நிற்பது, கொல்லிப்பண்ணில் அமைந்தது. பின்னது சுந்தரமூர்த்தி சுவாமிகள் இழந்த கண்ணைப் பெறும்பொருட்டு அருளிச்செய்தது. 7-ஆம் திருமுறையில் 95-ஆம் பதிகமாக நிற்பது. தேவாரத்துள் செந்துருத்திப் பண்ணிற்குரியது இஃதொன்றே. இரண்டும் உடற்குறை பற்றி எழுந்தன, இரண்டும் முறையீடுகள், இரண்டும் உடனே பயன் தந்தன என்று பெரியபுராணம் கூறும்.

இவற்றை ஒருங்குவைத்து நோக்குவாருட் பலர் சொல்வது ஒன்றுண்டு. அப்பர் அடிமைநெறி நின்றவராதலிற் பணிந்து இரந்தார்; சுந்தரர் தோழமைநெறி நின்றவராதலின் உரிமைபற்றி வைதார்; ஆகவே அதிகைப் பதிகம் விண்ணப்பம், ஆரூர்ப் பதிகம் வசை என்பது அவர்தம் துணிபு. இத்துணிபினால் விளைந்த தீங்கு சிறிதன்று. ஆரூர்ப் பதிகத்தை ஓதப் புகும் அன்பர் சிலர், தம்பிரான் தோழர்க்கு அமைந்த பேச்சு நம்மனோர்க்கு அமையுமோ என்று உள்ளங் கூசுகின்றனர். கண்ணிழந்து கலங்கியிருப்பான் ஒருவனுக்கு அவன் ஓதத்தக்க பதிகத்தையே ஓதவொட்டாமற் செய்யும் திறனாய்வு எத்துணைப் பயனுடையது என்பதை அறிஞர் ஓர்ந்து காண்க.

சிவஞான சித்தியார் 8-ஆஞ் சூத்திரத்தில் நால்வகை மார்க்கங்கள் வகுக்கப்பட்டுள்ளன. தாதமார்க்கத்தை அப்பரடிகளுக்கும் சகமார்க்கத்தை வன்றொண்டர்க்கும் பொருத்திக் காட்டுதல் ஆன்றோர் மரபு. மரபு பிழையுடையதன்று. மரபினை முன்னே வைத்துக்கொண்டு பாட்டினைப் பின்னே படித்தலே பிழையாவது. பானையின்மேல் எழுதிய பெயரைப் படித்துவிட்டு உள்ளிருப்பதனைச் சுவைத்ததாகக் கொள்ளுதல் போல்வது அது. பாட்டுக்களையே எடுத்து ஓதுவார்க்குத் தோன்றுவது வேறு. இறைவனை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்களுள் மிகக் கடியது தொண்டர் பதிகத்தில் உளது. அடிமை என்பதனைத் தன் முதற்சீர்களிலேயே நாட்டிக்கொண்டு புகுவது தோழர் பதிகம்.

அதிகைப் பதிகத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. திருவாமூர்ப் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகனாராய்த் தோன்றிய மருணீக்கியார் பாடலிபுத்திரத்திற் சமணராய்த் தருமசேனர் என்னும் பெயர் பூண்டிருந்த காலத்துச் சூலை பற்றியது. அவர் அதிகை வந்து தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் அளித்த திருநீற்றை அணிந்து, வீரட்டானத்தின் முன் நின்று பாடினார். அதுவே அவர்தம் முதற்பாட்டு. ஆயினும் முதன்முறை வாய்திறப்பாரிடம் காணப்படும் தயக்கம் அதில் ஓரிடத்தும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, கூற்றம் போன்ற இந்நோயை விலக்காதிருக்கின்றீர், யான் செய்த கொடுமைகள் இன்னவென்று யான் அறியேன் என்று தொடங்குகின்றார். நோயைச் சொல்வதற்கு முன்னரே வழக்கு எழுந்துவிடுகின்றது.

நோயைச் சொல்லும் திறமும் தனித்துக் கருதத்தக்கது. குடரைத் தொடக்கி முடக்குகின்றது, நஞ்சாகி நலிகின்றது, சுடுகின்றது, பறித்துப் புரட்டி அறுத்து இழுக்கின்றது, கலக்கித் தின்கின்றது. ஒவ்வொரு பாட்டிலும் வினைச்சொற்கள் ஒன்றன்மேலொன்றாக ஏறி வருதலை நோக்குக. நோயின் பெயரைச் சொல்லி அப்பால் நகர்வாரல்லர் இவர். நோய் செய்யும் தொழில்களை எண்ணுகின்றார். குடர் என்றும் வயிற்றின் அகம் என்றும் வெளிப்படக் கூறுதல் திருப்பாட்டிற்குச் சால்புடைத்தோ என்று நாணி, ஈண்டுக் குடர் என்றது மும்மலக் கட்டினை என்று தத்துவப் பொருள் விரிப்பாரும் உண்டு. அப்பொருள் கொள்ளத்தகாததன்று, எனினும் சூலையுற்றவனுக்கு முதற்கண் குடர் என்பது குடரே.

இப்பதிகத்தின் நடுவில் ஒரு நியாயம் இருக்கின்றது. 4-ஆம் பாட்டிற் சொல்லப்படுவது இது: முன்னர் அடியேன் அறியாமையால் இருந்தேன், அதனால் முனிந்து நோய் வந்தது, பின்னர் உமக்கு ஆளாயினேன், இன்னும் அது சுடுகின்றது, தம்மை அடைந்தாரது வினையைத் தீர்ப்பதன்றோ தலையாயினார் கடன்? காரணமாகிய அறியாமை நீங்கியபின் காரியமாகிய நோய் நிற்றல் முறையன்று என்பது கருத்து. தருக்கநூலிற் பயின்றவர் வாதம் இது என்று சொல்லத் தோன்றுகின்றது. கடன் என்னும் சொல்லும் இரப்பவன் சொல்லன்று. இரப்பவன் அருள் என்பான். உரியவன் கடன் என்பான்.

ஆயினும் அதே பதிகத்து 6-ஆம் பாட்டில், நீரும் பூவும் தூபமும் மறந்தறியேன், இசையோடு தமிழ் பாட மறந்தறியேன், நன்மை வரினும் தீமை வரினும் நின்னை மறந்தறியேன் என்னும் கருத்துப்பட நான்கு முறை அடுக்கிக் கூறுகின்றார். நேற்றுவரை தருமசேனராயிருந்தவர் இன்று இங்ஙனம் கூறுதல் யாங்ஙனம்? இவ்வினா பழையது. விடைகளும் பல. இவர் முன்னமே முனிவராய்த் தம்மை அடையத் தவம் முயன்றவர் என்றும், சூலையினால் ஆட்கொள்ளவிருக்கின்றேம் என்றும் இறைவர் திலகவதியார்க்குக் கனவில் உணர்த்தியதாகச் சேக்கிழார் பெருமான் கூறுதலின், மறவாமை முற்பிறப்பின் தொடர்ச்சி என்பர் ஒருசாரார். திருநீறு பெற்றபின் உள்ள நிலையே கூறப்பட்டது என்பர் மற்றொருசாரார். இரண்டும் பொருந்தும். இவ்விடர் ஆரூர்ப் பதிகத்திலும் இவ்வாறே நேர்தலின், அதனைப் பார்த்தபின் இவ்வினாவிற்கு மீளுதல் தகும்.

9-ஆம் பாட்டு இப்பதிகத்தின் முடி. பொன்போல் ஒளிரும் மேனி, சடை, பிறை என்று அழகெல்லாம் சொல்லி அழைத்துவிட்டு, அடியார் படுவது இதுவேயாகில் என்போல்வார் இனி உம்மைத் தெளியமாட்டார் என்று கூறுகின்றார். தெளிதலாவது நம்புதல். வணங்குவாரை இழப்பீர் என்று இறைவனுக்கு எடுத்துக்கூறுதலினும் கடுமையான சொல் யாது? தாதமார்க்கத்தினர் இரந்தார் என்பார் இப்பாட்டினை யாண்டு வைப்பர் என்பது விளங்கவில்லை. இங்ஙனம் கூறிய அம்மூச்சிலேயே, அன்பு ஒன்றே அமையும் என்று முடிப்பது இன்னும் வியப்பு. நம்பிக்கை போய்விடும் என்று அச்சுறுத்தும் வாய், நோய் நீங்காவிடினும் அன்பு போதும் என்று அடங்குகின்றது. இவ்விரண்டற்கும் இடையே ஒரு சொல்லும் இல்லை.

இனி ஆரூர்ப் பதிகம். ஒற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குப் பிரியேன் என்று சூளுற்ற நம்பியாரூரர், வசந்த விழாக்காலத்துத் திருவாரூரை நினைந்து ஆற்றாராய் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணிரண்டும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கினார். திருவாரூர் மூலட்டானத்து இப்பதிகம் பாடி வலக்கண் பெற்றார். ஆகவே இப்பதிகம் பாடும்போது அவர் ஒரு கண்ணுடையர். இதனை மறந்து படிப்பார் பாதிச் சுவையை இழப்பர். பவளமெனச் சிவந்த சோலையும், பொன்னெனப் பூத்த செருந்தியும், தினையின் தாள்போற் சிவந்த கால்களையுடைய நாரையும் இப்பதிகத்தில் வருகின்றன. ஒரு கண்ணால் ஆரூரின் செழுமையைக் கண்டுகொண்டே, இதுதானா அவ்வாரூர், உமக்கு ஆட்பட்டார்க்கு ஆவது இதுதானா என்று வினவுகின்றார். ஊர் வளம் கூறுதல் பதிகங்களில் வழக்கமாக அமைவது. ஈண்டு அவ்வளமே குற்றச்சாட்டாகின்றது. பறவைகள் தத்தம் துணையைத் தடையின்றிச் சென்றடையும் சோலையில் அடியவர் வழி காணாது தடுமாறுகின்றனர்.

3-ஆம் பாட்டு இதற்கு இன்னும் நுண்ணிய சான்று. முட்டு என்னும் ஒரு பகுதியை நான்கடியிலும் நான்கு வகையாக ஆளுகின்றார். அன்றில் முட்டின்றிச் சோலையை அடையும். கன்று முட்டப் பசு பால் சுரக்கும். அடியார் முட்டின்றிப் பாடுவர். அவ்வடியாரே கண் காணாது குன்றில் முட்டிக் குழியில் விழுவர். தடை, தாயின் மடியில் மோதல், குறைவு, கல்லில் மோதல் என ஒரு சொல்லே அன்பையும் இடரையும் குறித்து நிற்றல் காண்க. இதனைச் சொல்விளையாட்டு என்று கடந்துபோவார் உளர். கண்ணில்லாதவனுக்கு உலகம் முழுதும் முட்டுதலாகவே அறியப்படுகின்றது என்பதை எண்ணுவார் அவ்வாறு கடந்துபோகார். அதிகைப் பதிகத்து 5-ஆம் பாட்டில், கரையில் நிற்போர் ஆழ்ந்த கயத்துட் பிடித்துத் தள்ளக் கால் நிலைகொள்ளும் துறை அறியாது தவிக்கும் ஒருவன் காட்டப்படுகின்றான். (பின்னாளிற் கல்லோடு கடலில் இடப்பட்டவர் வாக்கில் முதற்பதிகத்திலேயே இவ்வுவமை எழுந்தமை நினையத்தக்கது.) அப்பர்க்குத் துன்பம் கால் நிலைகொள்ளாமை, சுந்தரர்க்குத் துன்பம் எங்கும் இடித்துக்கொள்ளுதல்.

அப்பர் பதிகத்தில் நோயுறுபவர் அவர் ஒருவரே. பிறரைச் சேர்த்துக்கொள்வது 9-ஆம் பாட்டில் என்போல்வார் என்னும் அவ்வோரிடமும் அடியார் என்னும் சொல்லுமே. சுந்தரரோ தம் கண் என்று வெளிப்படச் சொல்வது 2-ஆம் பாட்டிலும் இறுதிப் பாட்டிலுமே. ஏனையவற்றில் அடியார் என்றும், ஆட்பட்டோர் என்றும், பாடும் பத்தரோம் என்றும் பன்மையிற் பேசுகின்றார். தம் வழக்கினை அடியார் அனைவரது வழக்காக ஆக்கிவிடுகின்றார். திருத்தொண்டத்தொகை பாடியவர்க்கு இது இயல்பேயாகும். தோழர் என்னும் தனியுரிமை பற்றிப் பாடினார் என்பார் கூற்று இதனாலும் வலியிழக்கின்றது. அவ்வுரிமையை அவர் இப்பதிகத்தில் ஓரிடத்தும் எடுத்தாளவேயில்லை. முதலிற் கூறுவது மீட்சியில்லாத அடிமை; 2-ஆம் பாட்டிற் கூறுவது தாமே விரும்பி ஆட்பட்டமை.

இனி, வசை எனப்படும் அம்முடிப்பு. நீர் இனிது வாழ்ந்துகொள்ளும் என்னும் பொருள்பட ஒவ்வொரு பாட்டும் முடிகின்றது. சொல்லளவில் இது வாழ்த்து. இகழ்ச்சிக் குறிப்பு வாழ்த்தின் உள்ளே இருப்பதன்றிச் சொல்லில் இல்லை. இறைவனை ஒருமையில் அழைத்தலும் பன்மையில் அழைத்தலும் இரு பதிகங்களிலும் எங்ஙனம் அமைந்தன என்று பார்த்தால் இது நன்கு விளங்கும். அப்பர் பதிகத்தில் முதற்பாட்டிலேயே இரண்டும் விரவுகின்றன. 6-ஆம் பாட்டிலும் 10-ஆம் பாட்டிலும் முற்றிலும் நீ என்னும் ஒருமையே. நோவு மிகுங்கால் மரியாதைப் பன்மை தானே நழுவுகின்றது. தாயை அழைக்கும் குழவி பன்மை கூறுவதில்லை. சுந்தரரோ ஆரூர்ப் பதிகத்தில் முதலிலிருந்து முடிவுவரை நீர் என்னும் பன்மையை விட்டிலர். ஒற்றியூரில் கண்ணிழந்தபொழுது பாடிய 54-ஆம் பதிகத்தில் இவரே ஒருமையில் அழைத்து, கண்ணுக்கு மருந்து கேட்டு, ஊன்றுகோலேனும் தருக என்று இரந்து, வீட்டிலுள்ள பெண்டிர் குருடன் என்று இகழ்வதனைத் தாங்கேன் என்று அழுதவர். ஆரூரில் அழுகை இல்லை, பன்மை வந்துவிட்டது. இல்லறத்தில் நெருங்கியிருப்பார் ஊடும்போது திடீரென மரியாதைச் சொற்களால் விளிப்பதனைத் தமிழர் அறிவர். வைதலினும் அது வெம்மையுடையது. நெருங்கியவரன்றி வேறெவரும் அதனைச் செய்யவும் மாட்டார்.

இனி முன்னர் நிறுத்திய வினா. 2-ஆம் பாட்டில் யான் குற்றம் யாதும் செய்திலேன் என்கின்றார் நம்பியாரூரர். சூள் பொய்த்தது குற்றமன்றோ? அவரே திருவெண்பாக்கத்து 89-ஆம் பதிகத்தில், பிழை பொறுப்பீர் என்று நம்பி அடியேன் பிழைத்தேன் என்று ஒப்புக்கொண்டவர். மேலும், விரும்பி ஆட்பட்டேன் என்கின்றார். திருவெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி வழக்காடி ஆட்கொள்ளப்பட்டவர் அன்று விரும்பினாரோ? பித்தனோ என்று இகழ்ந்தவரன்றோ? ஆக, அப்பர் மறந்தறியேன் என்பதும், சுந்தரர் குற்றம் செய்திலேன், விரும்பி ஆட்பட்டேன் என்பதும் அவரவர் வரலாற்றிற்கு மாறாகவே தோன்றுகின்றன. இருவரும் தம் குற்றமின்மையை நாட்டியே வழக்கைத் தொடங்குகின்றனர். அக்குற்றமின்மையோ ஊரறிந்த செய்திக்கு முரணாக உளது.

இம்முரண் ஆராய்ச்சியால் நீங்குவதே. சுந்தரர் 2-ஆம் பாட்டில் ஒற்றி என்னும் சொல்லை இருபொருள்படக் கூறுதல் காண்க. ஒற்றி அடகுப்பொருளும் ஆம், கண்ணிழந்த ஊரும் ஆம். யான் ஒற்றிக்கு உரியேனல்லேன், உமக்கு விலைப்பட்ட ஆள் என்பது கருத்து. ஒற்றியூரில் சூள் பிழைத்தது எதனால்? ஆரூர்ப் பெருமானை எத்துணை நாள் பிரிந்திருப்பேன் என்று 51-ஆம் பதிகம் பாடி ஏங்கிய அவ்வேட்கையினால். ஆகவே ஒற்றியூரிற் குற்றமாயிருந்தது ஆரூரில் அடிமைத்திறமாகின்றது. வெண்பாக்கத்திற் பிழைத்தேன் என்பதும் ஆரூரிற் பிழைத்திலேன் என்பதும் ஒருவர் வாக்காதல் இங்ஙனமே. ஆரூரைக் காணவந்து இழந்த கண்ணை ஆரூரரிடம் கேட்கின்றார். பழி உம்மையே சாரும் என்னும் அவர் துணிவிற்கு அடிப்படை இது. அப்பர் பதிகத்திலும் இவ்வாறே. மறவாமை என்பது கழிந்த ஆண்டுகளின் கணக்கன்று. ஆளான அக்கணத்தில் நின்று திரும்பிப் பார்ப்பவர்க்கு வாழ்வு முழுதும் அவ்வழியே வந்ததாகத் தோன்றுகின்றது. சமணப் பள்ளியில் இருந்த காலமும் சூலைக்கு வழியாயிற்றாதலின் அதுவும் மறவாமையின் பகுதியே. வெண்ணெய்நல்லூரில் மறுத்தவர் பின்னாளில் விரும்பி ஆட்பட்டேன் என்பதற்கும் இவ்விளக்கமே பொருந்தும்.

நோய் கன்மத்தால் வருவது, அதனைப் புசித்தே தீர்த்தல் வேண்டும், இறைவனை நொந்துகொள்ளுதல் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது என்பார் தடை இன்னும் நிற்கின்றது. கன்மம் புசித்துத் தீரும் என்பதும், ஒறுத்தலும் இறைவன் செய்யும் மறக்கருணையே என்பதும் நூல் துணிபு. அதனை இருவரும் அறியாதவரல்லர். ஆயினும் சுந்தரர் 4-ஆம் பாட்டில், அடியார் தம் அல்லலைக் கூறினால் அவரை இங்கே வருத்திவைத்து மறுமையிற் பெறுவாய் என்று பணிப்பீராயின் என்று கூறி, அவ்விடையை ஏலாது மறுக்கின்றார். நோயாளியின் கட்டிலருகே நின்று இன்று பலர் கூறும் ஆறுதலும் அதுவேயன்றோ! 7-ஆம் பாட்டிலோ மாயமும் பிறவியும் மறவாத மனமும் காயமும் காட்டினீர், காட்டியபின் கண்ணைக் கொள்ளுதல் எற்றுக்கு என்கின்றார். தனு கரண புவன போகங்களை உயிர்கட்கு இறைவன் கூட்டுவது மலம் நீங்கி உய்தற்பொருட்டு என்பது சித்தாந்தம். உய்தற்கென்று தந்த கருவியை உய்யவந்தவனிடமிருந்தே பறித்தல் தந்த நோக்கத்திற்கு மாறு. இஃது இறைவன் கொள்கையையே இறைவன்முன் எடுத்துவைத்து வாதித்தல். சித்தாந்தம் அறியாதார் வைதலாகக் கொள்வதனை அறிந்தார் பூர்வபக்கமாகக் கொள்வர். அப்பாட்டிற் கண்ணீர் என்று ஒன்றாகப் படித்தாலும், கண் என்றும் நீர் என்றும் பிரித்து நீர் என் கண்ணைக் கொண்டீர் எனப் பொருள் உரைத்தாலும் இயைதல் அதன் தனியழகு.

இரண்டனுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு ஈண்டு இடமில்லை. ஆயினும் ஒன்று கூறலாம். தனிப்பாட்டாக எடுத்து உள்ளத்தைக் கலக்குவதில் அதிகைப் பதிகத்து 9-ஆம் பாட்டிற்கு நிகர் ஆரூர்ப் பதிகத்தில் இல்லை. பதினொரு பாட்டும் ஒரே வழக்காகப் பின்னிச் செல்லும் கட்டுக்கோப்பு அதிகைப் பதிகத்தில் இல்லை. அங்கு நோவு எழும்போது வாதம் அறுகின்றது, நோவு தணியும்போது தொடர்கின்றது. ஆரூர்ப் பதிகத்திலும் 9-ஆம் பாட்டின் காயும் கனியும் பற்றிய உவமை உரை காண்பார்க்கு எளிதன்று. ஏனைய பாட்டுக்களின் தெளிவு அதற்கு இல்லை.

இறுதிப் பாட்டுக்களும் ஒப்புநோக்கத்தக்கன. அரக்கன் மலையெடுத்ததும் அவனை அடர்த்துப் பின் அருளியதும் பதிக முடிவில் வைத்தல் அப்பரடிகளுக்கு வழக்கமாயிற்று. இம்முதற்பதிகத்தில் அது வெறும் வழக்கன்று. பகைத்தவனுக்கும் அருளிய அதனை நீ கருதுகின்றாயில்லை என்று முன்வழக்காக எடுத்துக்காட்டப்படுகின்றது. சுந்தரரோ உமையம்மையாரைப் பாகத்திற் கொண்டதனைச் சொல்லி முடிக்கின்றார். துணையைப் பிரியாது உடம்பிலேயே கொண்ட நீர், பிரிவாற் சூள் பிழைத்தவன் கண்ணைக் கொண்டீர் என்னும் குறிப்பு அதனுள் இருப்பதாகக் கொள்ளுதல் பிழையாகாது.

வன்றொண்டர் அப்பர் பதிகத்தை அறியாது பாடினாரென்றும் கொள்ளற்க. திருவலிவலத்து 67-ஆம் பதிகத்தில், ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் பாடியவற்றையே சொல்லித் துதிப்பதனை இறைவன் உவப்பான் என்று அவரே கூறியுள்ளார். திருவதிகைக்கு அணித்தே வந்தபொழுது, நாவுக்கரசர் கைத்தொண்டு செய்த அப்பதியைக் காலால் மிதிக்க அஞ்சி, உள்ளே புகாமற் புறத்தே சித்தவடமடத்தில் இரவு தங்கினார் என்பது பெரியபுராணம். அதிகை மண்ணை மிதியாத அவர், அடியார் படுவது இதுவோ என்று அம்மண்ணில் எழுந்த வினாவையே பின்னாளில் ஆரூர்த் திருமூலட்டானத்தின் முன் நின்று கேட்டார், வலக்கண் திறந்தது.